அட்டையில் சிவப்புக்கு ஒரு கட்டம்

போன மாதம் திண்டிவனம் கண் ஆஸ்பத்திரியிலிருந்து பிரியா போன் செய்தாள். நான் பார்த்த வேலையை இப்போது பார்ப்பவள் அவள். நோயாளிகளின் அட்டைகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம். அதற்கென்று வந்த பையன் கண் பிரஷர் நோயாளிகளின் அட்டையைப் பார்த்துவிட்டு, "இதுல 'சிவப்பு: இல்லை, கொஞ்சம், அதிகம்'னு ஒரு கட்டம் இருக்கே, வேற எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லையே" என்று கேட்டிருக்கிறான். அங்கே யாருக்கும் பதில் தெரியவில்லை.

"எடுத்துடலாமா மேடம்?" என்றாள் பிரியா.

"எடுக்காத!" என்று கத்திவிட்டேன். ஓய்வு பெற்றும் என் வாய் ஓய்வு பெறவில்லை என்று வீட்டில் சொல்வார்கள். ஏன் கத்தினேன் என்று போனில் சொல்லி முடிக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

தொண்ணூற்று மூன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். அனந்தபுரம் பக்கத்தில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பயிரிடுகிற குடும்பம் எங்களுடையது. சென்னையில் இரண்டு வருடம் கண் மருத்துவ உதவியாளர் படிப்பு. அதில் கண்ணின் படத்தை நூறு தடவை வரைந்தது மட்டும்தான் இப்போது ஞாபகம் இருக்கிறது. திண்டிவனத்தில் ஒரு சின்ன அறக்கட்டளை கண் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அதன் பெயர் இங்கே வேண்டாம். வெள்ளைக் கோட்டு போட்டிருந்ததால் வருகிறவர்கள் எல்லாரும் என்னை "சிஸ்டர்" என்றார்கள். நான் நர்ஸ் இல்லை என்று முதல் ஆறு மாதம் சண்டை போட்டேன். அப்புறம் விட்டுவிட்டேன்.

எங்கள் டாக்டர் கஸ்தூரி மேடம். குரலே எழும்பாது. நோயாளிகளை ஒரு நாளும் திட்ட மாட்டார். எங்களையும் திட்ட மாட்டார். ஆனால் நாம் தப்பு செய்திருந்தால் அட்டையை நம் கையில் கொடுத்து, "வாசிங்க" என்பார். நாம் எழுதியதை நாமே, நோயாளியின் முன்னால், சத்தமாக வாசிக்க வேண்டும். நான்கு அடி வாங்கியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றும்.

அவருக்கு இன்னொரு வழக்கம் உண்டு. "மருந்து போடறீங்களா?" என்று யாரையும் கேட்க மாட்டார். கேட்டால் எல்லாரும் "போடறேங்க" என்றுதான் சொல்வார்கள். "போட்டுக் காமிங்க" என்பார். அப்போதுதான் தெரியும், பாதிப் பேர் சொட்டை இமை மேல் விட்டுக்கொள்கிறார்கள், சிலர் கன்னத்தில் விட்டுக்கொள்கிறார்கள் என்று.

சேர்ந்த புதிதில் கிளியனூரிலிருந்து ஒரு விவசாயி வந்தார். கண் பிரஷருக்குச் சொட்டு மருந்து ஆரம்பித்துப் பத்து நாள் ஆகியிருந்தது. வாசல் படி ஏறியவர் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். தலை சுற்றல் என்றார். சோறு சாப்பிடாமல் வந்திருப்பார் என்று நான் டீ வாங்கி வரச் சொன்னேன். மேடம் வந்து முதலில் கையைப் பிடித்து நாடி பார்த்தார். ரொம்ப மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது.

"மருந்து விட்டதும் தொண்டையில கசக்குதாங்களா?" என்றார்.

"ஆமாங்க. வேப்பிலை மென்ன மாதிரி கசக்குது. கண்ணுல வுட்டா தொண்டையில எப்டிங்க கசக்கும்?"

எனக்கும் அதே கேள்விதான். கண்ணின் மூக்கோரத்தில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது, கண்ணீர் அதன் வழியாக மூக்குக்குள் இறங்கும், மருந்தும் இறங்கும், மூக்கின் உள்தோலில் இரத்தத்தில் கலந்து நேரே நெஞ்சுக்குப் போகும். அந்த மருந்துக்கு நாடியை மெதுவாக்கும் குணம் உண்டு. சிலருக்கு இரைப்பும் வரும். அன்று மேடம் எனக்குக் கற்றுக் கொடுத்தது இதுதான்: சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கோர மூலையை விரல் நுனியால் அழுத்தி, நூறு வரை எண்ண வேண்டும். "கண்ணுல விட்டது கண்ணோட நிக்கிறதில்ல தமிழரசி. ரத்தம் எங்க போகுதோ அங்கெல்லாம் போகும்" என்றார். அதற்கப்புறம் என் வாழ்க்கையில் நான் எத்தனை பேரை நூறு வரை எண்ண வைத்தேன் என்று எனக்கே தெரியாது. எண்ணத் தெரியாதவர்களுக்கு, பேரப்பிள்ளைகளின் பெயரை எல்லாம் நிதானமாக இரண்டு தடவை சொல்லச் சொல்வேன்.

ஏழுமலை வந்தது ரொம்பப் பிறகு. இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் இருக்கும். மரக்காணம் பக்கத்துக் குப்பத்தில் மீன் பிடிக்கிறவர். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். இடது கண் ஏற்கனவே போய்விட்டது. கண்ணுக்குள் நீரின் அழுத்தம் ஏறிக்கொண்டே போய், நரம்பு பட்டுப்போய், அவருக்குத் தெரிய வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இந்த நோய் வலிக்காது. அதுதான் அதன் கெட்ட குணம். வலது கண்ணிலும் ஓரப் பார்வை குறைந்திருந்தது. கடலிலிருந்து திரும்பும்போது கலங்கரை விளக்கத்தையும் ஒரு தென்னந்தோப்பையும் நேராக வைத்துக்கொண்டு கரை பிடிப்பாராம். விளக்கு தெரிகிறது, தோப்பு தெரியவில்லை என்றுதான் வந்தார்.

கூட வந்த மகள் செல்வியிடம் மேடம் விளக்கினார். "மோட்டார் கொட்டாயிலேர்ந்து தண்ணி போற டியூபை மிதிச்சா கடைசிச் செடிக்குத் தண்ணி போகாதில்ல? அந்த மாதிரி. கண்ணுக்குள்ள பிரஷர் ஏறினா நரம்புக்கு ரத்தம் போற வழி நெருங்கிடும். காஞ்ச செடி காஞ்சதுதான். மருந்து மிதிச்ச காலை எடுக்கும், அவ்ளோதான்."

கிளியனூர்க்காரருக்குக் கொடுத்த அதே பழைய மருந்தைக் கொடுத்தோம். பதினைந்து நாளில் இரைக்க ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு மூன்று வேளை விடுகிற மருந்து ஒன்று இருந்தது. படகில் உப்புத் தண்ணீர்க் கையோடு அதை எங்கே விடுவது? அப்போது புதிதாக ஒரு மருந்து வந்திருந்தது. இராத்திரிக்கு, வலது கண்ணில் மட்டும், ஒரே ஒரு சொட்டு. திறக்கும்வரை குளிர்ச்சியில் வைக்க வேண்டும். ஏழுமலை வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. ஆனால் மீனுக்கு ஐஸ் பெட்டி இருந்தது. மருந்தை ஒரு எவர்சில்வர் தூக்கில் போட்டு ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிடுவார். அவர் பாட்டிலைக் காட்டும்போதெல்லாம் என் மேஜை முழுக்க மீன் வாசனை அடிக்கும்.

அந்த மருந்து பிரஷரை நன்றாக இறக்கியது. ஆனால் வெள்ளை விழியின் மேலே ஓடும் மெல்லிய இரத்தக் குழாய்களை விரித்துவிடும். கண் சிவந்து போகும். ஒரு மாதம் கழித்து வந்தபோது ஏழுமலையின் வலது கண் செக்கச்செவேல் என்று இருந்தது. "இது நோய் இல்லங்க. மேல இருக்கற ரத்தக் குழாய் விரியுது. பயப்படாதீங்க" என்று மேடம் சொல்லி அனுப்பினார். பிரஷர் பதினைந்து, இருபதுக்குள் இருந்தால் சரி. எங்களுக்குச் சந்தோஷம்.

குப்பத்தில் என்ன நடந்தது என்று எங்களுக்குப் பிறகுதான் தெரியும். செல்வியைப் பெண் பார்க்க வந்தார்கள். ஏழுமலை குடிக்காதவர். அண்ணன் குடித்துச் செத்ததைப் பார்த்தவர், கள்ளைக்கூடத் தொட்டதில்லை. ஆனால் வந்தவர்களுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? காலை ஒன்பது மணிக்கு ஒரு கண் சிவந்த மனிதர் கைகூப்பி வரவேற்கிறார். "பொண்ணு பாக்க வர்றோம்னு தெரிஞ்சும் அப்பங்காரன் காலையிலயே ஊத்திக்கினு நிக்கிறான்" என்று போகிற வழியில் பேசியது இவர் காதுக்கு வந்துவிட்டது. சம்பந்தம் முறிந்தது. இவர் நேராக ஒரு மருந்துக் கடைக்குப் போய், கண் சிவப்பைப் போக்க ஏதாவது கொடு என்றார். கடைக்காரனும் கொடுத்தான்.

அது இரத்தக் குழாய்களைச் சுருக்குகிற சொட்டு. விட்ட ஐந்து நிமிடத்தில் விழி பாலாக வெளுத்துவிடும். வேகம் இறங்கியதும் சுருங்கிய குழாய் முன்னைவிட அதிகமாக விரியும். மறுபடி சிவக்கும், மறுபடி விட வேண்டும்.

அடுத்த தடவை அவர் வந்த நாளில் மேடம் ஓமந்தூரில் ஒரு முகாமுக்குப் போயிருந்தார். இங்கே வெளியில் எண்பது பேர் நின்றார்கள். ஏழுமலை வந்து உட்கார்ந்தார். வலது கண் வெள்ளை வெளேரென்று இருந்தது. போன தடவை பார்த்த சிவப்பு மாயமாகப் போயிருந்தது.

"அட, கண்ணு பளிச்சுனு ஆயிடுச்சே! சூப்பரு" என்றேன் நான்.

அவர் முகத்தில் வந்த சிரிப்பு இன்றைக்கும் என் கண்ணிலேயே நிற்கிறது. பிரஷர் அளக்க வேண்டும் என்பது விதி. மரப்பு மருந்து விட்டு, மஞ்சள் சாயம் தொட்டு, நீல வெளிச்சத்தில் இரண்டு அரை வட்டங்கள் ஒன்றையொன்று தொடுகிற இடத்தைப் பார்த்துக் கணக்கெடுக்க வேண்டும். மூன்று நிமிட வேலை. கண்தான் நன்றாக இருக்கிறதே, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அட்டையில் எழுதி, இரண்டு மாதம் கழித்து வரச் சொல்லி அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்து மேடம் அளந்தார். முப்பத்து நான்கு. எதிரில் உட்கார்ந்து, விரலை ஓரத்திலிருந்து மெதுவாக நடுவுக்குக் கொண்டு வந்தார். "தெரியும்போது சொல்லுங்க" என்றார். விரல் வந்துகொண்டே இருந்தது. ஏழுமலை பேசவே இல்லை. விரல் கிட்டத்தட்ட மூக்குக்கு நேரே வந்த பிறகுதான், "ஆங், தெரியுது" என்றார்.

மேடம் கொஞ்ச நேரம் அந்தக் கண்ணையே பார்த்தார். பிறகு என்னிடம் அட்டையைக் கொடுத்தார்.

"வாசிங்க."

வாசித்தேன். "வலது கண் வெள்ளையாக உள்ளது. நன்று. அதே மருந்தைத் தொடரவும்."

"பிரஷர்?"

"அளக்கல மேடம்."

"இந்த மருந்த ரெண்டாவது மாசம் போடற கண்ணு இவ்வளவு வெள்ளையா இருக்குமா தமிழரசி? ஏன் வெள்ளையா இருக்குன்னு கேட்டிருக்கலாம்" என்றார். குரல் அப்போதும் எழும்பவில்லை. பிறகு ஏழுமலையிடம் திரும்பி, "அண்ணே, மருந்து போட்டுக் காமிங்க" என்றார்.

ஏழுமலை பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். எங்கள் மருந்து. சொட்டு விட்டார். மூக்கோரத்தை அழுத்தவில்லை. உடனே இன்னொரு பாட்டிலை எடுத்து அதன் மேலேயே இரண்டு சொட்டு விட்டார். எங்கள் மருந்து கண்ணில் தங்கவே இடமில்லாமல் கன்னத்தில் வழிந்து இறங்கியது.

"இது என்னங்க?" என்றார் மேடம்.

"வெள்ளையாக்கறதுங்க. உங்க மருந்து போட்ட உடனே இத்த வுட்டுட்டா செவக்கவே மாட்டேங்குது. ஆளுங்க வர்ற நாள்ல உங்களுத போடாம இத்த மட்டும் போட்டுக்கறது. இந்த சிஸ்டர் கூட போன தபா கண்ணு பளிச்சுனு இருக்குதுன்னு சொன்னாங்களே. அதான் நல்லா வேலை செய்யுதுன்னு இன்னும் ரெண்டு பாட்டிலு வாங்கிக்கினேன்."

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சாட்சிக்கு அழைத்தார். மேடம் இரண்டாவது பாட்டிலை எடுத்துத் தன் இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடப் பிடிக்கவில்லை. அழுதேன். அழுது என்ன? காய்ந்த செடி காய்ந்ததுதான்.

மறுநாள் காலை ஸ்கேலும் பேனாவும் வைத்து, கண் பிரஷர் அட்டை ஒவ்வொன்றிலும் ஒரு கட்டம் போட்டேன். சிவப்பு: இல்லை, கொஞ்சம், அதிகம். வெள்ளையாக இருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். மேடம் பார்த்தார், அடுத்த தடவை அட்டை அச்சடிக்கும்போது கட்டத்தையும் சேர்க்கச் சொன்னார். அந்தக் கட்டத்தின் கதை இவ்வளவுதான்.

ஏழுமலை அதற்கப்புறம் தனியாகக் கடலுக்குப் போகவில்லை. தம்பியின் படகில் வலை இழுக்கப் போவார். கரை பிடிப்பது தம்பி. ஆனால் மருந்தை நிறுத்தவில்லை. அதற்குக் காரணம் செல்வி. அடுத்த சம்பந்தம் வந்தபோது அவளே மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிவிட்டாள்: "எங்கப்பா கண்ணு மருந்துல செவந்திருக்குது. நம்பிக்கை இல்லன்னா அடுத்த வாரம் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு வர்றோம், நீங்களும் வாங்க."

நிஜமாகவே வந்துவிட்டார்கள்! மாப்பிள்ளையும் அவன் அம்மாவும். அந்த அம்மா என்னைத் தனியாக ஓரம் கட்டி, "நெஜமா மருந்துதானா சிஸ்டர்? பேஜாரா பூடப் போவுது, பொண்ணு எடுக்கற எடம்" என்றாள். பேசிப் பிரயோசனமில்லை என்று அவளை நோயாளிகள் பெஞ்சுக்கு அழைத்துப் போனேன். அதே மருந்து போடுகிற ஐந்தாறு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் ரிட்டையர் ஆன தலைமை ஆசிரியை. இன்னொருவர் மாலை போட்டிருந்த ஐயப்ப சாமி. எல்லாருக்கும் கண் சிவப்பு. "இவங்கள்லாம் ஒண்ணா உக்காந்து குடிச்சிட்டு வந்தவங்களாம்மா?" என்றேன். தலைமை ஆசிரியை முறைத்தார். மாப்பிள்ளையின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கல்யாணம் நடந்தது. பத்திரிகை எனக்கும் வந்தது.

ஒவ்வொரு தடவை வரும்போதும் ஏழுமலை உட்காருவதற்கு முன்பே கீழ் இமையை இழுத்துக் காட்டுவார். "செவப்பா இருக்குதா சிஸ்டர்?" "நல்லா செவந்திருக்கு, உக்காருங்க" என்பேன். எங்களுக்குள் அது ஒரு வணக்கம் மாதிரி ஆகிவிட்டது. பிரஷர் பதினான்கு, பதினைந்து.

இப்படி மூன்று வருடம் போயிருக்கும். மேடம் விழுப்புரம் கிளைக்குப் போய்விட்டார். திண்டிவனத்தில் வெளி நோயாளிகளை முதலில் பார்ப்பது நான்தான். ஒரு நாள் ஏழுமலை வந்தார், செல்வி இடுப்பில் குழந்தையோடு கூட வந்தாள். அவர் இமையை இழுத்துக் காட்டவில்லை. நான் குனிந்து பார்த்தேன். வெள்ளை. பாலாக வெள்ளை.

எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. அந்த இரண்டு மாதம் அப்படியே திரும்பி வந்த மாதிரி இருந்தது. பெஞ்சு நிறைய ஆட்கள் இருக்க, வாய்க்கு வந்தபடி கத்திவிட்டேன். "இருக்கறது அரைக் கண்ணு! அதையும் தொலைச்சிட்டு என் முன்னால வந்து நிப்பீங்களா? எங்க அந்த பாட்டிலு? எடுங்க வெளிய! யாரு கல்யாணம் இப்போ? யாருக்குக் காட்டணும் வெள்ளைக் கண்ண?"

ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டார். செல்விக்குத்தான் கோபம் வந்தது.

"இன்னா சிஸ்டர் நீங்க! கேக்காம கொள்ளாம கத்திக்கினே போறீங்க? ஒரு ராத்திரி கூட தவற வுட்டதில்ல அவரு. நான் மாமியா வூட்லேர்ந்து டெய்லி போன் போட்டு கேக்கறேன். தானா வெளுத்துக்கினு வருது, நாங்க இன்னா பண்றது? இத்தப் பாருங்க!" என்று அப்பாவின் முகத்தைப் பிடித்து என் பக்கம் திருப்பினாள். "இந்தக் கண்ணுல எமை மயிரு எவ்ளோ நீளமா வளந்துபோச்சின்னு பாருங்க. அந்தக் கண்ணுல பாருங்க. மருந்து போடாமலா வளரும்?"

பார்த்தேன். இடது கண்ணின் இமை முடி சாதாரணமாக இருந்தது. வலது கண்ணில் மட்டும் கருகருவென்று, நீளமாக, வளைந்து நின்றது. அந்த மருந்தைத் தொடர்ந்து போட்டால்தான் அப்படி வளரும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் பார்க்கவில்லை.

அவரைக் கருவிக்கு முன்னால் உட்கார வைத்தேன். மரப்பு மருந்து, மஞ்சள் சாயம், நீல வெளிச்சம். அரை வட்டங்கள் தொட்டன. பதினான்கு.

மேடத்துக்குப் போன் போட்டேன். "நாளாக நாளாக சில பேருக்கு அந்த சிவப்பு தானா குறையும் தமிழரசி. குழாய் பழகிக்கும். நான் உங்ககிட்ட சொல்லியிருக்கணும்" என்றார். பிறகு, "அளந்தீங்களா?" என்றார்.

"அளந்தேன் மேடம். கத்தினதுக்கு அப்புறம்."

அவர் சிரித்தாரா, பெருமூச்சு விட்டாரா என்று போனில் தெரியவில்லை.

பிரியா, கட்டம் இருக்கட்டும். ஆனால் சிவப்பையும் வெள்ளையையும் பார்த்து எதையும் முடிவு செய்யாதே. கேள். போட்டுக் காட்டச் சொல். அளந்து பார்த்துவிட்டு அப்புறம் கத்து.

அன்று ஏழுமலையின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மன்னிச்சுக்கங்க அண்ணே. நாந்தான் தப்பு. எல்லார் முன்னாலயும் கத்திட்டேன்" என்றேன்.

அவர் சாயம் ஒட்டியிருந்த கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார். அவர் பேச்சில் கோபமே இல்லை. வானிலை சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

"கத்துனா இன்னா சிஸ்டர். மொத தபா வெள்ளையா வந்தேனே, அன்னைக்கே இப்டி கத்தியிருக்கக் கூடாதா? எனக்கு இன்னும் கொஞ்சம் கடலு தெரிஞ்சிக்கினு இருந்திருக்குமே."